வாரா வாரம் குளிப்பாட்டியும் வீட்டில் நாய் வாடை போகவில்லையே, டாக்டர்?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் மாடி வீட்டில் இருக்கிறோம். 5 வயது கோல்டன் ரெட்ரீவர் பையன் ஒன்று, 3 வயது லேப்ரடார் பெண் ஒன்று. இரண்டும் 30 கிலோவுக்கு மேல், இரண்டும் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம். செவ்வாய்க்கிழமைக்குள் பழைய வாடை வந்துவிடுகிறது. மாமியார் பூஜை அறைக் கதவைச் சாத்தியே வைக்கிறார், நாய்களை மொட்டை மாடியில் கட்டச் சொல்கிறார். வாரம் இரண்டு தடவை குளிப்பாட்டலாமா? நடுவில் பவுடர், வாசனை ஸ்பிரே ஏதாவது போடலாமா? முடியை ஒட்ட வெட்டிவிட்டால் சரியாகுமா? அடுத்த மாதம் ஏற்காட்டில் அப்பா வீட்டுக்குப் பத்து நாள் போகிறோம், அங்கே பனியில் வாடை இன்னும் மோசமாகிவிடும், கூட்டிப் போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. கோல்டன் இப்போதெல்லாம் அடிக்கடி தலையை உதறுகிறான், சோபா ஓரத்தில் காதைத் தேய்க்கிறான், சேட்டை அதிகமாகிவிட்டது.

பதில்: நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். கேள்வியாகவே நினைக்காமல் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், தலையை உதறுகிறான், காதைத் தேய்க்கிறான் என்று. அது சேட்டை இல்லைம்மா. அவனுக்குக் காது தொந்தரவு இருக்கிறது, உங்கள் வீட்டு வாடையில் நல்ல பங்கு அந்தக் காதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாதுதான், ஆனால் 5 வயது கோல்டன், தொங்கு காது, வாரா வாரம் தலையோடு குளியல், தலை உதறல், இத்தனையும் சேர்ந்து ஒரு நாய் என் மேஜைக்கு வந்தால் நான் முதலில் தூக்கிப் பார்ப்பது காது மடலைத்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், "நாய் வாடை" என்று நாம் மொத்தமாகச் சொல்வது பெரும்பாலும் உடம்பு முழுக்க வருகிற ஒரே வாடை கிடையாது. நல்ல ஆரோக்கியமான நாயின் முதுகில் மூக்கை வைத்தால் லேசான எண்ணெய் வாசனை வரும், அவ்வளவுதான். நமக்கு மாதிரி உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுவதும் அதற்கு இல்லை, அப்படி வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்கிற வீச்சம் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து கிளம்புகிறது: காது, வாய், உதட்டு மடிப்பு, கழுத்து பெல்ட்டுக்கு அடியில், கால் விரல் இடுக்கு, தொடை இடுக்கு, வாலுக்கு அடியில். அப்புறம் அது படுக்கிற மெத்தை. எந்த இடம் என்று தெரியாமல் மொத்த நாயையும் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தால் உங்களுக்கு முதுகு வலிதான் மிச்சம்.

அதனால் இன்று ராத்திரி, சாப்பிட்டு முடித்து அதுகள் சோம்பிப் படுத்திருக்கும் நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், நான் கிளினிக்கில் தினம் செய்வது அதுதான். ஒவ்வொரு இடமாகத் தனித்தனியாக. காதில் புளித்த மாவு மாதிரி வாடை அடித்து, உள்ளே பழுப்பாகப் பிசுக்கு இருந்தால் அநேகமாகப் பூஞ்சை. மஞ்சளாகச் சீழ் மாதிரி இருந்து குடலைப் புரட்டுகிற நாற்றம் அடித்தால் பாக்டீரியா. உலர்ந்த காப்பித்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தால் காதுப் பூச்சி. நல்ல காது வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும், வாடை கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. நாயின் காதுக் குழாய் நமக்கு மாதிரி நேராகப் போகாது, முதலில் கீழே இறங்கி அப்புறம் உள்பக்கமாகத் திரும்பும். குளிக்கும்போது உள்ளே போன தண்ணீர் அந்தத் திருப்பத்தில் நின்றுவிடும், மேலே தொங்கும் மடல் மூடி போட்ட மாதிரி வெப்பத்தையும் ஈரத்தையும் காத்துக்கொடுக்கும், பூஞ்சைக்கு இதைவிட வசதி வேண்டாம்.

கோல்டனின் காதை வீட்டில் நோண்டாதீர்கள். பட்ஸ் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம், போன தடவை வாங்கிய சொட்டு மருந்து மீதி இருக்கிறதே என்று அதையும் விட வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உள்ளே இறங்கிக் கேட்கும் திறனையே கெடுத்துவிடும், அதனால் கருவி வைத்து உள்ளே பார்த்த பிறகுதான் மருந்து. இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். லேப்புக்கு, காது சுத்தமாக இருந்தால், நாய்களுக்கென்று விற்கிற காது கழுவும் திரவத்தைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து இரண்டு விரலால் பிடித்து அரை நிமிடம் பிசைந்துவிடுங்கள். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும், கேட்டால் திரவம் அடிவரை போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு விட்டுவிட்டால் அதுவே உதறிக்கொள்ளும், மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். முகம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மேல்தான் தெறிக்கும். தினம் தினம் இதைச் செய்யக் கூடாது, அதிகமாகக் கழுவினாலும் காது புண்ணாகும்.

கழுத்து பெல்ட்டை நிறைய பேர் யோசிப்பதே இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் கன்னங்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு ஜெர்மன் ஷெப்பர்டைக் கொண்டுவந்தார்கள், நான்கு விதமான ஷாம்பு மாற்றிப் பார்த்தாகிவிட்டது, நாற்றம் போகவில்லை என்று. தோலில் ஒன்றும் இல்லை, காது சுத்தம், பல் சுத்தம். பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்று கொக்கியை எடுத்தால் வரவில்லை, முடியோடு ஒட்டிப்போயிருந்தது. மெதுவாகப் பிரித்து எடுத்தோம். அந்த நைலான் பட்டையின் உள்பக்கம், கழுவாத எண்ணெய்ச் சட்டியின் அடி மாதிரி கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது, அதற்குக் கீழே கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகத் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. இரண்டு வருடமாகப் பெல்ட்டோடுதான் குளிப்பாட்டியிருக்கிறார்கள். ஒரு மக்கில் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு அதை ஊறவைத்தோம், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது, அந்த அறை முழுக்க அவர்கள் சொன்ன அதே நாற்றம். ஆகவே பெல்ட்டை வாரம் ஒரு தடவை துவைத்து வெயிலில் போடுங்கள். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், வீட்டுக்குள் இருக்கும்போது கழற்றியே வைக்கலாம்.

சரி, குளியலுக்கு வருவோம். வாரம் இரண்டு தடவை வேண்டவே வேண்டாம், நீங்கள் இப்போது செய்கிற வாரம் ஒரு தடவையே அதிகம். நல்ல தோல் உள்ள பெரிய நாய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் தாராளமாகப் போதும், சேற்றில் புரண்டு வந்தால் அது வேறு விஷயம். நம் தோல் சற்றே அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 5.5-ஐ ஒட்டி இருக்கும், நாயின் தோல் நடுநிலையான 7-ஐ ஒட்டி இருக்கும். அதோடு நம் மேல்தோலில் 10 முதல் 15 அடுக்கு செல்கள் இருந்தால் நாய்க்கு 3 முதல் 5 அடுக்குதான், பார்க்க முரட்டு உடம்பாக இருந்தாலும் தோல் குழந்தைத் தோலைவிட மெல்லிசு. குழந்தை ஷாம்பு மென்மையானது என்று நீங்கள் நினைத்தது நல்ல எண்ணம்தான், ஆனால் அது மனிதக் குழந்தையின் தோலுக்குச் செய்தது. வாரா வாரம் எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுத்துவிட்டால் தோல் வறண்டு அரிக்கும், அரிப்பில் அது சொறியும், சொறிந்த இடத்தில் கிருமி ஏறும், வாடை வரும், நீங்கள் மறுபடி குளிப்பாட்டுவீர்கள். இந்தச் சுற்றிலிருந்து நீங்கள்தான் முதலில் இறங்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் எழுதாத ஒன்று: குளித்த பிறகு எப்படிக் காய வைக்கிறீர்கள்? லேப், கோல்டன் இரண்டுக்குமே இரட்டை முடி, மேலே தெரிகிற நீள முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி உள்முடி இருக்கிறது. துண்டால் துடைத்து மேலே காய்ந்துவிட்டது என்று விட்டால் உள்முடி ராத்திரி வரைக்கும் ஈரமாகவே இருக்கும். ஈர நாய்க்கென்று ஒரு நாற்றம் உண்டே, அது தோலிலும் முடியிலும் வாழ்கிற நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற பொருட்கள் ஈரம் ஆவியாகும்போது அதோடு சேர்ந்து காற்றில் ஏறுவதால் வருவது. எவ்வளவு நேரம் ஈரமோ அவ்வளவு நேரம் வாடை, அந்த ஈரத்தில் அவை இன்னும் பெருகும். உங்கள் செவ்வாய்க்கிழமை வாடையின் விதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விழுகிறது. விரலை முடிக்குள் விட்டு, தோலைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. கழுத்தின் அடியிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வால் ஆரம்பிக்கிற இடத்திலும்தான் கடைசியாகக் காயும். ஹேர் டிரையர் போடுவதாக இருந்தால் குளிர்காற்றில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள்.

போர் தண்ணீரில் குளிப்பாட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். நம் சேலத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், பக்கெட் ஓரத்தில் வெள்ளை படியும். அதில் சோப்பு சரியாகப் போகாது, முடியில் ஒரு படலம் மாதிரி தங்கி அழுக்கைப் பிடித்து வைக்கும். குளியலின் கடைசி இரண்டு பக்கெட்டாவது குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீராக இருந்தால் வித்தியாசம் தெரியும்.

நடுவில் என்ன செய்வது என்பதுதான் உங்கள் நிஜமான கேள்வி. என் பதில்: சீப்பு, ஈரத்துணி, உலர்ந்த துணி. கடையில் விற்கிற பாட்டில்கள் எதுவும் இந்த மூன்றுக்கு ஈடாகாது.

சீப்பை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் சீவாமல் ஈரத்துணி போட்டால் செத்த முடி எல்லாம் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கோல்டனுக்குத் தினம் பத்து நிமிடம், லேப்புக்கு வாரம் மூன்று நாள். கம்பிப் பல் வளைந்திருக்கிற ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, உள்முடியை இழுத்தெடுக்கிற அகலப் பல் சீப்பு ஒன்று, இரண்டும் வேண்டும். மொட்டை மாடியில் காலை வெயிலில் உட்காருங்கள், உங்கள் மாமியார் சொன்ன மொட்டை மாடி இதற்கு நல்ல இடம்தான். மேலாகத் தடவிக்கொடுப்பது சீவுவதாகாது. இடது கையால் முடியை மேலே தள்ளிப் பிடியுங்கள், தோல் ஒரு கோடாகத் தெரியும், நாம் வகிடு எடுத்தால் தெரிகிற மாதிரி. அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி முடியின் அடி முதல் நுனி வரை சீவுங்கள், பிறகு ஒரு விரல் அகலம் மேலே போய் அடுத்த வகிடு. தோலை அழுத்திக் கீறக் கூடாது. இப்படிச் சீவும்போது உங்கள் கண் தோலைப் பார்த்துக்கொண்டே இருக்கும், சிவப்பு, பொடுகு, உண்ணி, கட்டி எது இருந்தாலும் நீங்கள்தான் முதலில் கண்டுபிடிப்பீர்கள். முதல் வாரம் ஒவ்வொரு நாளும் கை நிறைய முடி வரும், பயப்படாதீர்கள். அத்தனையும் வாடையைப் பிடித்து வைத்துக்கொண்டு அங்கேயே இருந்த முடி. காதுக்குப் பின்னாலும் தொடைப் பின்பக்கமும் கோல்டனுக்குச் சிக்கு விழும், அதை இழுக்காமல் விரலால் பிரித்து அப்புறம் சீப்பு.

முடியை ஒட்ட வெட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். செய்யாதீர்கள். இரட்டை முடி நாய்க்கு அந்த முடிதான் வெயிலிலிருந்தும் காப்பு. சிரைத்துவிட்டால் தோல் நேரடியாகக் காயும், சில நாய்களுக்குத் திரும்ப முளைப்பது திட்டுத் திட்டாக முளைக்கும். வாடைக்கும் அது தீர்வு இல்லை, வாடை இருக்கிற இடங்கள் வேறு என்று சொன்னேனே. பாத விரல்களுக்கு நடுவில் வளர்கிற முடி, ஆசன வாயைச் சுற்றி இருக்கிற முடி, கோல்டனின் பின்தொடையில் தொங்குகிற நீள முடி, இவற்றை மட்டும் நுனி மழுங்கின கத்தரிக்கோலால் குறைத்துவிடுங்கள். சிறுநீரும் மலமும் ஒட்டுவது அங்கேதான். அதற்கே பாதி வாடை குறையும்.

இனி துணி. வீட்டில் நைந்துபோன பருத்தி வேட்டி இருந்தால் அதைவிட நல்லது கிடையாது, நான்கு துண்டாகக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், அதில் நனைத்து நன்றாகப் பிழிய வேண்டும், கையில் பிடித்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது. முதல் துணியில் கண் ஓரம், முகம், உதட்டு மடிப்பு. லேப்பின் கீழ் உதட்டை லேசாக இழுத்துப் பாருங்கள், உள்ளே ஒரு மடிப்பு இருக்கும், எச்சிலும் சோற்றுப் பருக்கையும் அங்கே தங்கிப் புளிக்கும். அதைத் துடைத்து உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாலே, கொஞ்சுவதற்கு முகத்துக்கிட்ட வரும்போது அடிக்கிற வாடை போய்விடும். இரண்டாவது துணியில் முதுகும் விலாவும், முடி படிந்திருக்கிற திசையில் ஒரு தடவை, எதிர்த் திசையில் ஒரு தடவை. மூன்றாவதில் வயிறு, தொடை இடுக்கு, நான்கு கால். நான்காவது வாலுக்கு அடியில் மட்டும், அந்தத் துணி வேறு எங்கேயும் போகக் கூடாது, அதைத் தனி நிறத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. துடைத்ததும் உடனே உலர்ந்த துண்டு. முழு உடம்பு துடைப்பது வாரம் இரண்டு தடவை போதும், பாதமும் உதடும் வாலடியும் தினம்.

பாதத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நடைக்குப் போய் வந்ததும் ஒரு அகல மக்கில் தண்ணீர் வைத்து ஒவ்வொரு காலாக முக்கி எடுத்து, துணியை விரலில் சுற்றி விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்துக் காய வைக்கணும். காய வைக்காவிட்டால் கழுவியதே தப்பு, ஈரமான இடுக்கில் பூஞ்சை பிடிக்கும். உங்கள் நாய் ராத்திரியில் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா, பாத முடி செம்பட்டையாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை முடி எச்சில் பட்டுப் பட்டு அப்படி ஆகும், கோல்டனின் வெளிர் முடியில் நன்றாகவே தெரியும். அப்படி இருந்தால் உள்ளே ஒவ்வாமை இருக்கலாம். காதுத் தொந்தரவும் பாதம் நக்குவதும் சேர்ந்து வந்தால் ஒவ்வாமை சந்தேகம் இன்னும் பலமாகிறது. இதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், காதுக்கு மட்டும் மருந்து வாங்கி வந்தால் இரண்டு மாதத்தில் திரும்ப வரும்.

பவுடர், ஸ்பிரே விஷயம். முகப் பவுடர் வேண்டாம், நாய் அதை மூச்சில் இழுக்கும், நக்கித் தின்னும். ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிற ஒரு குடும்பம் ஸ்டார்ச் மாவைத் தூவிச் சீவுவதாகச் சொன்னார்கள். எண்ணெய்ப் பசையை மாவு கொஞ்சம் இழுக்கும் என்பது உண்மைதான், முழுக்கக் காய்ந்த முடியில் சிட்டிகை அளவு தூவி மொத்தமும் சீவி எடுத்துவிட்டால் கெடுதல் இல்லை. ஈரம் இருந்தால் அது கஞ்சியாகி முடியோடு காய்ந்துகொள்ளும், அதைப் பிரித்தெடுக்கிற வேலை உங்களுக்குத்தான். மனிதர்கள் போடுகிற சென்ட், பாடி ஸ்பிரே எதுவும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கு மல்லிகை வாசனையாக இருப்பது, மோப்பத்தை நம்பியே வாழ்கிற அதன் மூக்குக்குப் பெரும் தொந்தரவு. டீ ட்ரீ ஆயில் நாய்க்கு விஷம், "இயற்கையானது" என்று எழுதியிருந்தாலும் விஷம்தான். அந்துருண்டையும் கற்பூரமும் நாய் படுக்கைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தோல் வெந்துபோய் வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். வேப்பிலைத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பது நம் வீடுகளில் பழக்கம், துடைக்கலாம், ஆனால் உண்ணி போய்விடும் என்று அதை நம்பி இருக்க வேண்டாம்.

நாய்களுக்கென்று விற்கிற ஈரத் துடைப்பான்கள் அவசரத்துக்கு நல்லதுதான், வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். குளோர்ஹெக்ஸிடின் என்கிற கிருமிநாசினி கலந்தவை மருந்துக் கணக்கு, டாக்டர் சொன்னால் மட்டும். மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள், நுரை தோலில் பத்து நிமிடம் இருக்கணும், போட்ட உடனே கழுவினால் மருந்து வேலை செய்யாது. கழுத்தில் சொட்டுகிற உண்ணி மருந்து போட்டிருந்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியலும் வேண்டாம், அந்த இடத்தில் ஈரத்துணியும் வேண்டாம்.

தரையை எதில் துடைக்கிறீர்கள்? ஃபினாயில் வாசனை போவதற்குள் நாய் அதில் படுத்து, பாதத்தை நக்கி, அது வயிற்றுக்குள் போகிறது. பாதமும் வயிறும் சிவந்து வருகிற நாய்களிடம் இதை நான் முதலில் கேட்பேன். வெறும் தண்ணீரில் துடையுங்கள், ஃபினாயில் போட்டே ஆக வேண்டுமென்றால் போட்டபின் இன்னொரு தடவை நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு நாயை விடுங்கள்.

படுக்கை. நாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வாடை ஊறின மெத்தையில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் பழையபடிதான். கழற்றுகிற உறை உள்ள மெத்தையாக வாங்குங்கள், ஒவ்வொரு மெத்தைக்கும் இரண்டு உறை, வாரம் ஒரு தடவை சுடுதண்ணீரில் துவைத்து உச்சி வெயிலில் போடுங்கள். மெத்தையையே மாடியில் நிறுத்தி இரண்டு பக்கமும் திருப்பிக் காய வையுங்கள், சேலத்து வெயில் இதற்காவது நமக்கு உதவட்டும். சோபா ஓரத்தில் காதைத் தேய்க்கிறான் என்று எழுதியிருந்தீர்கள், சோபாவில் ஒரு பருத்தி விரிப்பு போட்டு அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். சோபாத் துணியில் சமையல் சோடாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டு வாக்குவம் போட்டால் வாடையை இழுத்துவிடும், அந்த ஒரு மணி நேரமும் நாய்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது, அதிகமாக நக்கினால் ஆபத்து.

வாய் நாற்றம் இருந்தால் பல்லைப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம் பழுப்பாகக் காரை படிந்திருந்தால் துடைத்தெல்லாம் போகாது, மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை போகாமல் இருக்க நாய் பற்பசையில் தேய்த்துப் பழக்குங்கள். நம் பற்பசை வேண்டாம், அதில் சைலிட்டால் என்கிற இனிப்பு இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். வாலடியில் மீன் கவிச்சி மாதிரி திடீரென்று அடித்து, தரையில் பின்பக்கத்தைத் தேய்த்து இழுத்துக்கொண்டு போனால் அது மலவாய்ச் சுரப்பி, வீடியோ பார்த்து நீங்களே பிதுக்க வேண்டாம்.

லேப் பெண்ணுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று எழுதவில்லை. ஆகவில்லை என்றால் இதை மனதில் வையுங்கள்: தீட்டு முடிந்து சில வாரம் கழித்து பின்பக்கத்திலிருந்து நாற்றமான கசிவு, நிறையத் தண்ணீர் குடிப்பது, சோர்ந்து படுப்பது, இப்படி வந்தால் கர்ப்பப்பையில் சீழ் சேர்ந்திருக்கலாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சில சமயம் கசிவே இல்லாமலும் வரும். அதேபோல எந்த நாயானாலும், குளிப்பாட்டின மறுநாளே எண்ணெய்ப் பிசுக்கு வருவது, வயிற்றுத் தோல் கறுத்துத் தடிப்பது, இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்வது இதெல்லாம் சுத்தத்தில் தீராது. தைராய்டு குறைபாடு கோல்டனிலும் லேப்பிலும் பார்க்கிற விஷயம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மாமியார் விஷயத்தில் ஒரு வார்த்தை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பூஜை அறையில் நாய் வாடை வந்தால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது. ஆனால் வீட்டுக்குள் மனிதர்களோடு வளர்ந்த நாயை மொட்டை மாடியில், அதுவும் நம் ஊர் சித்திரை வைகாசியில், கட்டிப்போடவே கூடாது, சில மணி நேரத்தில் வெப்பத்தாக்கில் போய்விடும். அவரிடம் மூன்று வாரம் அவகாசம் கேளுங்கள். காது மருந்தும் சீப்பும் படுக்கை உறையும் ஒழுங்காக நடந்தால் அதற்குள் அவருக்கே தெரியும். முடிந்தால் சீவுகிற நேரத்தில் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், "சும்மா இரு கண்ணு" என்று அதட்டிக்கொண்டே காதைப் பிடித்துக் கொடுக்கிற பாட்டிமார் எத்தனையோ பேரை நான் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டுக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். மேலே 1500 மீட்டர் உயரத்தில் பனியும் சாரலும் இருக்கும், குளிப்பாட்டினால் நாளெல்லாம் காயாது, அதனால் அந்தப் பத்து நாளும் குளியலே வேண்டாம், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இங்கே வெயிலில் குளிப்பாட்டி முடித்துவிடுங்கள். நாளுக்கு இரண்டு உலர்ந்த துண்டு என்று கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள், அங்கே துவைத்தது காயாது. காப்பித் தோட்டத்துக்குள் நடந்துவிட்டு வந்தால் வயிறும் காலும் புல் ஈரத்தில் நனைந்திருக்கும், வாசலிலேயே நிறுத்தித் துவட்டி, உள்ளே அடுப்படிப் பக்கமோ கதகதப்பான அறையிலோ சீவிக் காய வையுங்கள். சீவும்போதே காது மடல், விரல் இடுக்கு, வாலடி மூன்றிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், உண்ணி மருந்து எடைக்கு ஏற்ப முன்கூட்டியே போட்டுக்கொண்டு போவது நல்லது. 20 கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைப் பிரட்டி வாந்தி எடுக்கிற நாய்கள் உண்டு, அந்த நாற்றம் காரை விட்டு லேசில் போகாது, கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பிலிருந்து சாப்பாடு கொடுக்காதீர்கள், தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம். இதெல்லாம் லேப்புக்கு இப்போதே சரி. கோல்டனுக்கு மட்டும் காதைக் காட்டி, மருந்து முடிந்து, டாக்டர் மறுபடி உள்ளே பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மலை ஏறுங்கள், அந்தப் பனி ஈரத்தில் ஆறாத காதோடு அவன் பத்து நாள் இருக்க வேண்டாம்.